மனையகத்து மதிநுட்பம்

யூபிலி மலர் என்பது ஒரு கல்லூரியின் பெயரேடு. தாபித்தோர் பெயர், தலைமை தாங்கியோர் பெயர், பொருளுதவியோர் பெயர், பரிசு பெற்றோர் பெயர் எனப் பெயர்கள் நிரல்பட நிற்கும் ஏடு இது. இத்தகைய ஏட்டிலே, பெயர் பதிவு பெறாதோரைப் பற்றியும், அரிதின் முயன்று பதிவு பெற்றோரைப் பற்றியும் சில சொல்லுதல் பொருத்தமற்றதாகாது என எண்ணுகின்றோம். தமிழாசிரியராகிய எமக்குப் பொறிகளைப் பற்றியும் சட்டங்களைப் பற்றியும் எழுத என்ன தகுதி உண்டு என அன்பர் சிலர் வினவக்கூடும். தகுதி யாதுமில்லை, கடன் ஒன்று உண்டு. அக்கடன் எம்மைச் சார்ந்த வரலாற்றை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் மன்றத்திலே, “புதியன புனைதலில் விஞ்சியோர் ஆடவரே” என்னும் பொருள்பற்றிச் சொற்போர் ஒன்று நிகழ்ந்தது. நடுவர் இருக்கையில் யாம் இருந்தோம். பொருளை நிலைநாட்ட வந்த மாணவர் நல்ல நாவன்மை உடையவர். நீராவி எந்திரத்தைத் திருத்தியமைத்தவர் ஜேம்ஸ் வாற் என்றார்; தொலைபேசிக்கு உரிமை பெற்றவர் கிரகாம் பெல் என்றார்; எடிசன் தம் நாட்டிற் பெற்ற உரிமைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன என்றார். பின்னர் எதிரணியை நோக்கி, “நாளாந்தம் நாம் கையாளும் பொருள்களுள் ஒன்றையேனும் ஆக்கிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள், அது போதும்” என அறைகூவினார். எதிரணியினர் மேரி கியூரி அம்மையாரின் பெயரைச் சொன்னார்கள். அவர் இயற்கையில் உள்ள மூலகங்களைக் கண்டறிந்தவரேயன்றி, மனையிற் கையாளும் பொருளை ஆக்கியவர் அல்லர் என மறுமொழி வந்தது. மன்றம் அமைதியாயிற்று. மறுப்பு எழாமையால் வெற்றியை அம்மாணவரின் அணிக்கே வழங்கினோம்.

மறுநாட் காலை, தோற்ற அணியைச் சார்ந்த மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்றான். “ஐயா, எங்களுக்குப் பெயர் தெரியவில்லை என்பது உண்மைதான். பெயர் தெரியாவிட்டால் ஆளே இல்லை என்று ஆகுமா?” என்றான். ஆகாது என்பதை அவனுக்கு உடனே சொல்லியிருத்தல் வேண்டும். ஏனெனில், அன்றைய முதற் பாடவேளையிற் கற்பித்தற்கென எம் கையில் இருந்தது குறுந்தொகை. அத்தொகையிலே இயற்பெயர் மறைந்துபோன புலவர் பலர் உளர். அவர்தம் பாட்டிற் பயின்ற சொற்றொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்பன போல வழங்குகின்றோம். பெயர் மறைந்தமையாற் பாடினார் எவருமிலர் என்று நாம் சொன்னதில்லை. பாட்டு இருக்கின்றது, ஆகவே பாடியவரும் இருந்தார் என்பதே நம் முடிபு. புலவர்க்கு வழங்கிய இந்த நீதியை, புதியன புனைந்த பெண்டிர்க்கு யாம் வழங்கினோம் அல்லேம். அந்த வினா எம்மை வருத்திற்று. அதற்கு விடை தேடிப் படித்தவற்றின் சாரமே இக்கட்டுரை.

புதிய பொருளொன்றையோ செய்முறையொன்றையோ ஆக்கியவர், அதன் விவரத்தையும் வரைபடத்தையும் அரசிடம் ஒப்புவித்து, குறித்த ஆண்டுகள்வரை பிறர் அதனைத் தம் இசைவின்றிச் செய்யாவண்ணம் பெறும் காப்பே ஆக்கவுரிமை எனப்படும். அதனை அளிக்கும் அரசு, ஆக்கியவர் பெயரையும் ஏட்டிலே பதிகின்றது. எனவே ஆக்கவுரிமை என்பது பொருட்செல்வத்துக்கு மாத்திரமன்றி, புகழுக்கும் உரிய பத்திரமாகும். அமெரிக்க ஐக்கிய நாடு 1790ஆம் ஆண்டிலே தன் முதலாவது ஆக்கவுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, உரிமை கோருவோரைக் குறிக்குமிடத்து ‘அவன், அவள் அல்லது அவர்கள்’ எனப் பொருள்படும் சொற்களையே அமைத்தது. பெண்ணுக்கு அச்சட்டத்தின் வாயில் அடைக்கப்படவில்லை. ஆயினும், அந்நாட்டில் ஆக்கவுரிமை பெற்ற முதற் பெண்மணியின் பெயராகப் பெரிதும் எடுத்துச் சொல்லப்படுவது 1809ஆம் ஆண்டின் ஏட்டிலேயே காணப்படுகின்றது. வாயில் திறந்திருந்தும் பத்தொன்பது ஆண்டுகள் உள்ளே செல்வார் இல்லாமற் போயது ஏன்?

வாயிலுக்கு வெளியே வேறொரு வேலி இருந்தது. அது திருமணச் சட்டம். இங்கிலாந்தின் வழக்காற்றுச் சட்டப்படி, மணம் புரிந்த பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடைய ஆளுமையுள் அடங்கிவிடும். அவள் தன் பெயரால் ஒப்பந்தம் செய்தல் இயலாது. அவள் ஈட்டிய பொருள் கணவனுக்கே உரியதாகும். அமெரிக்கக் குடியேற்றங்களும் இச்சட்டத்தையே பின்பற்றின. நியூயோர்க் மாநிலம் 1848இலும், இங்கிலாந்து 1882இலும் மணமான மாதர் சொத்துரிமைச் சட்டங்களை இயற்றிய பின்னரே இவ்வேலி பெரிதும் தளர்ந்தது. தன் ஆக்கத்தை விற்கவும் அதன் வருவாயைக் கொள்ளவும் இயலாத ஒருத்தி, பணம் செலவிட்டு அதற்கு உரிமைப் பத்திரம் பெற முயலாமை வியப்பாகுமா?

இவ்வேலியின் தன்மையை ஒரு வரலாறு நன்கு காட்டும். பென்சில்வேனியாக் குடியேற்றத்திலே பிலடெல்பியா நகரில் வாழ்ந்த சிபில்லா மாஸ்ரர்ஸ் என்னும் அம்மையார், சோளத்தைத் துப்புரவு செய்து பதப்படுத்தும் புதிய முறையொன்றை வகுத்தார். தானியத்தைத் திரிகையில் இட்டு அரையாது, உரலில் உலக்கை இடிப்பதுபோல மரச் சம்மட்டிகள் ஏறியிறங்கி இடிக்கும் பொறி அது. கடல் கடந்து இலண்டனுக்குச் சென்று, 1715ஆம் ஆண்டிலே முதலாம் ஜோர்ஜ் மன்னரின் அரசிடமிருந்து அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பத்திரம் எழுதப்பட்டதோ அவர் கணவர் தோமஸ் மாஸ்ரர்ஸ் பெயரில்! எனினும் அப்பத்திரமே, இது அவர் மனைவி சிபில்லா கண்ட ஆக்கம் என்றும் உரைக்கின்றது. அடுத்த ஆண்டிலே, வைக்கோலாலும் ஒருவகைப் பனையோலையாலும் தொப்பி பின்னும் முறைக்கு அவர் பெற்ற பத்திரமும் கணவர் பெயரிலேயே அமைந்தது. மூளை மனைவியுடையது, முத்திரை கணவனுடையது. அப்பத்திரத்தை எழுதிய எழுத்தாளன் ஒரு வரியை விட்டிருப்பானாயின், சிபில்லாவின் பெயரை இன்று யாம் இங்கு எழுதமாட்டோம்.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்வேற்பாடு முற்றும் புதியதன்று. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பெற்ற நம் தேசவழமை, பெண்ணின் சீதனத்தை அவளுடைய சொத்தென்றே கொள்கின்றது. சொத்து என்னும் அளவில் ஆங்கிலச் சட்டத்தினும் இது பெண்ணுக்கு மேலானது. ஆயினும் மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவன் இசைவு வேண்டும் என்னும் விதி, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, முதுசக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. உரிமையும் கையொப்பமும் இரு வேறு கைகளில் இருத்தல் எத்தகையது என்பதை நம் தாய்மார் அறிவர். பிறநாட்டு வழக்கைக் குறைகூறுமுன் இதனையும் எண்ணிக்கொள்ளுதல் நன்று.

சட்டத்தின் வேலி ஒன்று. நாணத்தின் வேலி மற்றொன்று. றோட் ஐலன்ட் மாநிலத்திலே பெற்சி மெற்காவ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி, கடையிற் கண்ட வைக்கோற் தொப்பியை விலைகொடுத்து வாங்க இயலாமையால், 1798ஆம் ஆண்டிலே தானே வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்தாள். அப்பின்னலை அயலிலுள்ள பெண்களுக்குக் கற்பித்தாள். அது ஒரு தொழிலாகப் பரவிற்று. ஆக்கவுரிமை பெறுமாறு பலர் சொன்னபோது, தன் பெயர் சட்டசபைவரை செல்லுதலைத் தான் விரும்பவில்லை எனச் சொல்லிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். பெண்ணின் பெயர் பொதுவில் வழங்குதல் அடக்கமன்று எனக் கருதிய காலம் அது. அவ்வடக்கத்தைப் புகழ்வார் புகழட்டும். ஆனால் அடக்கத்தினால் எழுதாது விட்ட பெயரை, அறிவின்மைக்குச் சான்றாக எடுத்துக் காட்டுதல் நேர்மையன்று.

மேலே குறித்த 1809ஆம் ஆண்டுப் பெண்மணி இப்பின்னல் தொழில் வளர்ந்த நாட்டினரே. கொனெற்றிக்கற் மாநிலத்தைச் சேர்ந்த மேரி கீஸ் அம்மையார், வைக்கோலைப் பட்டுநூலோடு சேர்த்து நெய்து தொப்பிகட்கு அழகும் உறுதியும் தரும் முறைக்கு, அவ்வாண்டு மே மாதம் 5ஆம் நாள் தம் பெயரிலேயே ஆக்கவுரிமை பெற்றார். 1807ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தால் அமெரிக்காவின் வெளிநாட்டு வாணிகம் முடங்கிக் கிடந்த காலமாகையால், உள்நாட்டுத் தொப்பித் தொழிலுக்கு இம்முறை பேருதவி ஆயிற்று. ஆனால் அப்பத்திரமும் நிலைக்கவில்லை. 1836ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வாஷிங்டன் நகரத்து ஆக்கவுரிமை அலுவலகம் தீக்கிரையானபோது, ஆயிரக்கணக்கான பிற ஏடுகளுடன் அதுவும் எரிந்தது. ஓலைச்சுவடிகள் நெருப்பிலும் நீரிலும் அழிந்த கதையைச் சொல்லிச் சொல்லி வருந்தும் தமிழர்க்கு இவ்விழப்பின் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

இனி, இப்பெண்டிர் ஆக்கியவை யாவும் தொப்பியும் தட்டுமுட்டும் போன்ற சிறு பொருள்களே என்பார் உளர். ஒருவர் எதனை ஆக்குகின்றார் என்பது, அவர் எங்கே நின்று எதனோடு மல்லாடுகின்றார் என்பதைப் பொறுத்தது. சுரங்கத்து நீரோடு மல்லாடியோர் நீராவிப் பொறியைக் கண்டனர். அடுப்போடும் அழுக்கோடும் மல்லாடியோர் அவற்றை வெல்லும் வழியைக் கண்டனர். முன்னாளில் உடை அழுத்தும் இஸ்திரிப் பெட்டி முழுவதும் இரும்பால் ஆயது; அடுப்பில் வைத்துச் சுடவைத்தபோது பிடியும் உடன் சுட்டது. ஐயோவா மாநிலத்து மேரி புளோரன்ஸ் பொற்ஸ் என்னும் இளம்பெண், கழற்றி மாட்டத்தக்க மரப்பிடியை வகுத்து 1871இல் ஆக்கவுரிமை பெற்றார். இரண்டு மூன்று இரும்புகளை அடுப்பில் வைத்து, ஒன்று ஆறியதும் அதே பிடியை மற்றொன்றிற் பூட்டி வேலையைத் தொடரலாம். கை சுடுவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. பொற்ஸ் அம்மையார் பெயராலேயே அப்பெட்டி பல்லாண்டுகள் விலைப்பட்டது. சுட்ட கைதான் மரப்பிடியை நினைக்கும். சுடப்படாத கை அதனைச் சிறுபொருள் என்னும்.

பெரும்பொறி கண்ட பெண்ணே இல்லையோ எனின், உண்டு என்பதற்கு மார்கரெட் நைற் அம்மையாரின் வரலாறே சாலும். 1838இற் பிறந்த இவர், சிறுமியாக இருந்தபோதே பருத்தி ஆலையில் வேலைக்குச் சென்றவர். பன்னிரண்டு வயதளவில், தறியினின்றும் தெறித்த நாடா ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதைக் கண்டு, அத்தகைய விபத்தைத் தடுக்கும் கருவியொன்றை எண்ணி அமைத்தார் என்பர். அதற்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை. சிறுமிக்கு அதனை யார் சொல்லிக் கொடுப்பார்? பின்னர் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் காகிதப்பை ஆலையொன்றில் வேலை பார்த்தார். அக்காலத்துப் பொறிகள் கடித உறைபோன்ற பைகளையே செய்தன. அடிப்பாகம் தட்டையாக அமைந்து, பொருளிட்டால் நிமிர்ந்து நிற்கும் பையைக் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது. காகிதத்தை வெட்டி, மடித்து, ஒட்டி அத்தகைய பையைத் தானே செய்யும் பொறியை நைற் அம்மையார் முதலில் மரத்தால் அமைத்தார். பின்னர் அதனை இரும்பால் வார்ப்பித்தார்.

அவ்விரும்புப் பொறி பட்டறையில் இருந்தபோது அதனைப் பார்த்துச் சென்ற சாள்ஸ் அனன் என்பவர், அதன் ஆக்கம் தமதே என உரிமை பெற்றுக்கொண்டார். நைற் அம்மையார் வாளாவிருந்தார் அல்லர், வழக்குத் தொடுத்தார். இத்துணைச் சிக்கலான பொறியை ஒரு பெண் அறிந்து அமைத்திருத்தல் இயலாது என்பது எதிராளியின் வாதங்களுள் ஒன்றாக இருந்ததெனக் கூறுவர். அம்மையார் அவ்வாதத்துக்குச் சொல்லால் விடையிறுக்கவில்லை. தம் குறிப்பேடுகளையும், வரைபடங்களையும், மர மாதிரியையும், உடனிருந்து கண்ட சாட்சிகளையும் கொண்டுவந்து முன்வைத்தார். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. 1871ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் ஆக்கவுரிமை அவருக்கே வழங்கப்பட்டது. எமது மன்றத்து மாணவர் எழுப்பிய வாதம், அன்றைக்கு நூறாண்டுகளுக்கு மேலாக முன்னரே, நாடா ஓட்டிய ஒரு பெண்ணின் குறிப்பேட்டால் தோற்கடிக்கப்பட்ட வாதம். நடுவராகிய யாம் அதனை அறிந்திலேம்.

இல்லினோய் மாநிலத்து ஜோசபின் கொக்கிரேன் அம்மையார் செல்வக்குடியினர். விருந்து முடிந்தபின் விலைமிக்க பீங்கான் தட்டுகள் கழுவுவார் கையில் உடைவதைக் கண்டு, கைபடாது கழுவும் பொறியொன்று வேண்டும் என எண்ணினார். 1883இற் கணவர் கடன் வைத்து இறந்தார். பொழுதுபோக்காகத் தோன்றிய எண்ணம் வயிற்றுப்பாட்டுக்கு உரியதாயிற்று. தட்டுகளின் அளவுக்கு ஏற்பக் கம்பிக் கூடுகள் செய்து, அவற்றைச் சக்கரமொன்றிற் பொருத்தி, செப்புக் கொதிகலத்துள் இட்டு, சவர்க்காரம் கலந்த வெந்நீர் அவற்றின்மேற் பீறிடுமாறு அமைத்தார். 1886ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள் ஆக்கவுரிமை கிடைத்தது. 1893இற் சிக்காக்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியிலே அப்பொறி பலரையும் கவர்ந்தது. வாங்கியோர் விடுதிக்காரர்களே, வீடுகளில் வெந்நீர் வசதி போதாமையால் மனைத்தலைவியர் வாங்க நெடுங்காலம் சென்றது.

செல்வக்குடிப் பெண்ணுக்கே இத்துணை இடர்ப்பாடு எனின், அடிமைத்தளை அறுந்து சில ஆண்டுகளே சென்ற கறுப்பின மாதர் நிலையை என்னென்பது! அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகட்கு எழுத்தறிவித்தலைச் சட்டம் தடுத்திருந்தது. வாஷிங்டன் நகரத்து ஜூடி றீட் என்பவர், மாப்பிசைந்து உருட்டும் கருவியொன்றுக்கு 1884இல் ஆக்கவுரிமை பெற்றார். கையொப்பம் இட அவர் அறியார். கீறல் அடையாளமே இட்டார். தன் பெயரை எழுத அறியாத ஒருத்தியின் பெயர் அரசின் ஏட்டில் எழுதப்பட்டது! அடிமையாகப் பிறந்த சேரா பூன் என்னும் தையற்காரி, சட்டைக் கைகளைச் சுருக்கமின்றி அழுத்தத்தக்க குறுகி வளைந்த பலகைக்கு 1892இல் ஆக்கவுரிமை பெற்றார். ஆனால் எலன் எக்லின் என்னும் பணிப்பெண்ணின் கதை வேறு. துணியிலுள்ள நீரைப் பிழியும் கருவியை ஆக்கிய அவர், 1888இல் அதன் உரிமையை வெறும் 18 டொலருக்கு ஒருவரிடம் விற்றுவிட்டார். கறுப்பினப் பெண் ஆக்கிய பொருள் எனத் தெரிந்தால் வெள்ளையர் வீட்டுப் பெண்கள் அதனை வாங்கார் என்பதே அவர் சொன்ன காரணம். எக்லின் பெயரில் ஆக்கவுரிமை இல்லை. ஏட்டை மாத்திரம் பார்ப்பவன் அவரை இல்லாதவர் எனவே கொள்வான். மாணவன் கேட்ட வினாவுக்கு இதனினும் தெளிந்த விடை வேறில்லை.

பெயர் ஏறியும் பயன் ஏறாதோரும் உளர். அலபாமா மாநிலத்து மேரி அன்டர்சன் அம்மையார் பனிக்காலத்தில் நியூயோர்க் நகரில் ட்ராம் வண்டியிற் சென்றபோது, கண்ணாடியிற் படிந்த பனியால் வழி தெரியாது ஓட்டுநர் இடர்ப்படுவதைக் கண்டார். வண்டிக்குள் இருந்தவாறே நெம்புகோலை அசைத்துக் கண்ணாடியைத் துடைக்கத்தக்க இறப்பர்க் கருவியொன்றை வகுத்து, 1903ஆம் ஆண்டு நவெம்பர் 10ஆம் நாள் ஆக்கவுரிமை பெற்றார். 1905இல் அதனை வாங்குமாறு கனடா நாட்டு நிறுவனமொன்றை வேண்டினார். விலைபெறும் பொருளன்று என அது மறுத்தது. மோட்டார் வண்டிகள் அருகிக் கிடந்த காலம் அது. பதினேழு ஆண்டுகள் கழிந்து 1920இல் உரிமை காலாவதியாயிற்று. அதன் பின்னரே துடைப்பான் இல்லாத மோட்டார் வண்டி இல்லை என்னும் நிலை வந்தது. 1953இல் இறந்த அவர் பெயர், 2011ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்திற் பொறிக்கப்பட்டது. மாரியிலே கொழும்புச் சாலையில் வண்டி ஓட்டும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டோரே.

பெயரும் பயனும் ஒருங்கே எய்தியவர் இலரோ எனின், ஜேர்மனி நாட்டு மெலிற்றா பென்ற்ஸ் அம்மையாரைக் காட்டலாம். கோப்பியின் மண்டி நாவிற் படுவதை வெறுத்த இவர், பித்தளைப் பாத்திரமொன்றின் அடியை ஆணியாற் துளைத்து, மகனுடைய பள்ளிக் கொப்பியிலிருந்து எடுத்த மையொற்றுத்தாளை அதனுள் இட்டு வடித்துப் பார்த்தார். கசப்பும் மண்டியும் இல்லாத தெளிந்த கோப்பி இறங்கிற்று. 1908ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் பேர்லின் அலுவலகத்திற் காப்புப் பதிவு பெற்றார். அவ்வாண்டு டிசெம்பரிலே 73 பெனிக் முதலீட்டுடன் திறெஸ்டன் நகரில் நிறுவனம் தொடங்கினார். கணவரும் மைந்தரும் உடனிருந்து உழைத்தனர். அந்நிறுவனம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிலவுகின்றது. பொருளை ஆக்கியவரே பெயரையும் பதிந்து, வணிகத்தையும் நடத்த, குடும்பம் துணைநின்றால் என்ன விளையும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புறக்கணித்தல் எவ்வளவு பிழையோ, சான்றின்றிப் புகழ்தலும் அவ்வளவு பிழை. பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் பொறிக்கு 1794இல் ஆக்கவுரிமை பெற்ற எலை விற்னிக்கு, அவர் தங்கியிருந்த மனையின் தலைவி கதறின் கிறீன் அம்மையாரே வழிகாட்டினார் எனச் சிலர் எழுதினர். அதற்கு உறுதியான சான்று அகப்படவில்லை. ஆகவே அதனை எமது வாதத்துக்குத் துணையாகக் கொள்ளோம். மெய்யான சான்றுகளே போதிய அளவு இருக்கும்போது புனைகதை எதற்கு? அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகம், சாளற் சிமித் என்னும் அம்மையார் செய்த விடாமுயற்சியால், 1790 முதல் 1888 வரை ஆக்கவுரிமை பெற்ற பெண்களின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டது. ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள் என எம் மன்றத்திற் கேட்ட கேள்விக்கு, அன்றே ஒரு நூல் அளவு விடை அச்சாகி இருந்தது. நாம்தாம் அதனைப் புரட்டவில்லை.

ஆகவே எமது முடிபு இது. ஆக்கவுரிமை ஏட்டிலே பெண்களின் பெயர் அருகி இருத்தல் அறிவின் குறைவைக் காட்டுவதன்று. சொத்துரிமை இல்லாமை, பணம் இல்லாமை, எழுத்தறிவு இல்லாமை, அறிந்து சொல்வார் இல்லாமை, பெயர் வெளிப்படல் இழுக்கென்னும் எண்ணம் ஆகியவற்றையே அது காட்டுகின்றது. இத்துணைத் தடைகளையும் மீறி எழுதப்பட்ட ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், எழுதப்படாத பெயர்கள் இருந்தன எனக் கொள்ளுதலே அறிவுக்குப் பொருந்தும். பாட்டுக்குப் பின்னே புலவரைக் காணும் நாம், பொருளுக்குப் பின்னே ஆக்கியவரைக் காணப் பழகுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, சொற்போரில் நுங்கள் எதிராளி வாய்மூடியிருத்தலை மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். நுங்கள் தாயும் தமக்கையும் அடுக்களையில் ஒரு வேலையை எளிதாக்கக் கண்ட உபாயத்தை, உபாயம் எனவே மதித்துக் கேளுங்கள். நைற் அம்மையாரைப்போல எண்ணுவனவற்றைக் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதிவையுங்கள். உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களே, விஞ்ஞான அறைச் சுவரில் நாம் தொங்கவிட்டுள்ள படங்களின் நிரலிலே மார்கரெட் நைற்றுக்கும் ஓர் ஆணி அடிப்போம்.

பழைய மாணவப் பெரியோர்களே, நும்மிடம் ஒரு வேண்டுகோள். நம் நாட்டுச் சைவப் பாடசாலைகள் பல, பெருநிதியால் மாத்திரம் எழுந்தன அல்ல. உலையில் இடுமுன் ஒவ்வொரு பிடியாக மனைத்தலைவியர் எடுத்துவைத்த பிடியரிசியாலும் அவை வளர்ந்தன. சலவைக்கல்லிற் பொறித்த பெயர்களை நாம் படிக்கின்றோம்; அந்தப் பிடிகளை அளந்த கைகளின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. நும் வீட்டு முதியோரிடம் வினவி, அறியக்கூடிய பெயர்களையேனும் எழுதி அனுப்புங்கள். அடுத்த யூபிலி மலரிலே அவற்றுக்கென ஒரு பக்கம் ஒதுக்குமாறு மலர்க்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். எழுதாத பெயர் எரிந்த ஏட்டுக்கு ஒப்பாகும்.

இறுதியாக, எமது கடனைத் தீர்க்கின்றோம். அச்சொற்போரில் யாம் வழங்கிய தீர்ப்பு பிழையானது. நாவன்மைக்கு உரிய பரிசு அன்று வென்ற மாணவரிடமே இருக்கட்டும். அதனை அவர் உழைத்துப் பெற்றார். பொருள்பற்றிய வெற்றியோ மற்றைய அணிக்கு உரியது. ஆசிரியர் அறை வாயிலில் அன்று விடைபெறாது திரும்பிச் சென்ற அம்மாணவன் இன்று எங்கேனும் இருந்து இம்மலரைப் படிப்பானாயின், தன் வினாவுக்கு ஆசிரியர் காலந்தாழ்த்தியேனும் விடையளித்தார் எனக் கொள்வானாக.